ஸ்பைரோமெட்ரி: ஊதும் விதம் சரியாக இருந்தால்தான் ரிப்போர்ட் சரியாக இருக்கும்

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 97 காட்டுகிறது. எக்ஸ்ரேயில் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, இருமல் வந்தால் வாரக்கணக்கில் விடுவதில்லை. இப்படி வருபவரை "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவது இன்றும் நடக்கிறது. நுரையீரலுக்குக் கையிருப்பு அதிகம். மூச்சுக்குழாய்கள் வெகுவாகச் சுருங்கிய பிறகும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையாமலே இருக்கலாம். அந்த எண் இறங்கத் தொடங்கும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

அதற்கு வெகு முன்பே, மூச்சுக்குழாய் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று அளந்து சொல்வது ஸ்பைரோமெட்ரி. பேச்சு வழக்கில் "ஊதுற டெஸ்ட்". மருத்துவரின் சீட்டில் பி.எஃப்.டி. (நுரையீரல் செயல்பாட்டுப் பரிசோதனை) என்று எழுதியிருக்கும். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் தழும்பு நோய்கள், காசநோய் குணமான பிறகும் விடாத மூச்சிரைப்பு என எல்லாவற்றுக்கும் அடிப்படை அளவீடு இதுதான்.

ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டினால் போதும். இங்கே நோயாளி முழு மூச்சையும் கொடுத்து ஒத்துழைத்தாக வேண்டும். அரைமனதாக ஊதினால் வரும் எண் அந்த அரைமனதின் அளவு. நுரையீரலின் அளவு ஆகாது. அதனால் எண்களுக்குப் போவதற்கு முன் ஊதுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

எதை அளக்கிறார்கள்

முக்கியமான எண்கள் இரண்டுதான். நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை வேகமாக, கடைசி வரை ஊதி வெளியேற்றும்போது மொத்தம் எத்தனை லிட்டர் வருகிறது என்பது எஃப்.வி.சி. அந்த ஊதலின் முதல் ஒரு வினாடியில் மட்டும் எவ்வளவு வந்தது என்பது எஃப்.இ.வி.1. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைப்பது விகிதம். ஆரோக்கியமான நடுத்தர வயதினர் தங்கள் மூச்சில் சுமார் முக்கால் பங்கை, பெரும்பாலும் அதற்கும் மேல், முதல் வினாடியிலேயே வெளியே தள்ளிவிடுவார்கள்.

கழுத்து குறுகிய குடுவையைக் கவிழ்த்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் அத்தனையும் வரும், ஆனால் நேரம் பிடிக்கும். சின்னக் குடுவையைக் கவிழ்த்தால் சட்டென்று காலியாகும், ஆனால் வருவதே கொஞ்சம். முதலாவது அடைப்பு வகை: மொத்த அளவு ஓரளவு இருக்கும், முதல் வினாடியில் வருவது குறையும், விகிதம் இறங்கும். ஆஸ்துமாவும் சி.ஓ.பி.டி.யும் இந்தப் பக்கம். இரண்டாவது சுருக்க வகை: இரண்டு அளவும் சேர்ந்தே குறையும், விகிதம் சரியாகவோ கூடுதலாகவோ இருக்கும். நுரையீரல் தழும்பு, முதுகெலும்பு வளைவு, சுவாசத் தசை பலவீனம், அதிக உடல் பருமன் இந்தப் பக்கம்.

1846-ல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் இந்தக் கருவியை வைத்து 2,000 பேருக்கு மேல் அளந்து, உயரம் கூடக் கூட மூச்சின் அளவும் சீராகக் கூடுகிறது என்று காட்டினார். முதல் வினாடியைத் தனியாக அளக்கலாம் என்பது அதற்கு நூறு ஆண்டு கழித்து, 1947-ல், பிரான்ஸின் ராபர்ட் டிஃபெனோ கொண்டுவந்த யோசனை. ஹட்சின்சன் கண்டது இன்றும் அப்படியே பயன்படுகிறது. உங்கள் உயரம், வயது, பாலினம் மூன்றையும் கொடுத்தால், உங்களைப் போன்ற ஆரோக்கியமான ஒருவருக்கு இருக்க வேண்டிய அளவைக் கருவி கணக்கிடும். ரிப்போர்ட்டில் வரும் சதவீதம் அந்த எதிர்பார்ப்பு அளவோடு ஒப்பிட்டது.

ஆகவே உயரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளக் கூடாது, அளக்க வேண்டும். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரை ஒட்டி நின்று அளக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபோது சொன்ன உயரம் அறுபது வயதில் இருப்பதில்லை. கூன் விழுந்தவர்களுக்கும் நிற்க முடியாதவர்களுக்கும் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்றதன் நுனி வரை அளந்து அதிலிருந்து உயரத்தைக் கணக்கிடுவார்கள்.

வருவதற்கு முன்

எந்த இன்ஹேலரை எப்போது நிறுத்துவது என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். பரிசோதனை எதற்கு என்பதைப் பொறுத்தே விடை. நோயைக் கண்டுபிடிக்க முதன்முறையாகச் செய்வதானால் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகளைக் கொஞ்ச நேரம் தள்ளிவைக்கச் சொல்வார்கள். சால்பியூட்டமால் போன்ற உடனடி நிவாரண மருந்துக்கு 4 முதல் 6 மணி நேரம், ஃபார்மோட்டெரால், சால்மெட்டெரால் சேர்ந்த இன்ஹேலருக்கு 24 மணி நேரம், டையோட்ரோபியம் வகைக்கு 36 முதல் 48 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஏற்கெனவே நோய் உறுதியாகி, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வருபவர் வழக்கம்போல மருந்து எடுத்துக்கொண்டே வரலாம். எந்த நேரத்தில் எடுத்தார் என்பதை மட்டும் ரிப்போர்ட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டில் எது என்று பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நிறுத்தச் சொல்லியிருந்தாலும், நடுவில் இளைப்பு வந்தால் தயங்காமல் இன்ஹேலரை எடுத்துக்கொள்ள வேண்டும். பரிசோதனையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். டெஸ்ட்டுக்காகத் திணறலைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஆபத்து.

புகைப்பதை ஒரு மணி நேரத்துக்கு முன்பாவது விட வேண்டும். ஓட்டம், கடுமையான உடற்பயிற்சி ஆகியவற்றுக்கும் அதே ஒரு மணி நேரம். மது என்றால் 8 மணி நேரம். வயிறு புடைக்கச் சாப்பிட்டுவிட்டு வந்தால் முழு மூச்சு இழுக்க வராது. இறுக்கமான பெல்ட், பாவாடை நாடா, உள்ளாடை எதுவானாலும் தளர்த்திக்கொள்ள வேண்டும். நெஞ்சும் வயிறும் விரிய இடம் தேவை. பொய்ப்பல் இறுக்கமாகப் பொருந்தினால் அப்படியே இருக்கட்டும், உதடு குழாயைக் கவ்வ அது உதவும். ஆடினால் கழற்றிவிடலாம்.

பெண்கள் பலர் வெளியே சொல்லாத ஒன்று உண்டு. பலமாக ஊதும்போது சிறுநீர் கசியும் என்ற பயத்தில் பாதியில் அடக்கிக்கொள்கிறார்கள். அந்தப் பயம் ரிப்போர்ட்டில் நோய் மாதிரித் தெரியும். முன்கூட்டியே கழிவறைக்குப் போய்வரச் சொல்வதும், கசிந்தால் ஒன்றும் தவறில்லை என்று டெக்னீஷியன் தணிந்த குரலில் சொல்வதும் பரிசோதனையின் பகுதியே.

பலமாக ஊதும்போது நெஞ்சுக்குள்ளும், வயிற்றிலும், தலையிலும், கண்ணிலும் அழுத்தம் ஏறும். மாரடைப்பு வந்து ஒரு வாரம் ஆகாதவர்கள், கண் அறுவை முடிந்து ஒரு வாரம் ஆகாதவர்கள், மூளை, நெஞ்சு, வயிறு ஆகியவற்றில் அறுவை நடந்து நான்கு வாரம் ஆகாதவர்கள், நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்தவர்கள், இருமலில் ரத்தம் வருபவர்கள் எல்லோரும் பொதுவாகத் தள்ளிப்போட வேண்டும். காசநோய்ச் சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனை முதலில். பரிசோதனை அறையில் ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் பலமாக ஊதி இருமுகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மவுத்பீஸும் கிருமி வடிகட்டியும் ஒவ்வொருவருக்கும் புதிதாக மாற்றப்படுகின்றனவா என்று கேட்பது நோயாளியின் உரிமை.

ஊதும் முறை

கைப்பிடியுள்ள, சக்கரமில்லாத நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். பாதம் இரண்டும் தரையில் இருக்கட்டும். மூக்கில் கிளிப் மாட்டுவார்கள். மவுத்பீஸைப் பல்லுக்கு இடையில் வைத்து உதட்டால் சுற்றிலும் மூட வேண்டும். நாக்கு அதன் வாயை அடைக்காமல் கீழே கிடக்க வேண்டும்.

இனி மூன்று கட்டம். இதற்கு மேல் இழுக்க இடமே இல்லை என்னும் வரை வேகமாக மூச்சை உள்ளே இழுப்பது முதல் கட்டம். உச்சியில் இரண்டு வினாடிக்கு மேல் நிறுத்தாமல், வெடித்தாற்போல ஊதுவது இரண்டாவது. மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டக் கூடாது. தொடக்கமே முழு வேகமாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் பலருக்குக் கஷ்டம்: காற்று தீர்ந்துவிட்டதுபோலத் தோன்றிய பிறகும் விடாமல் ஊதிக்கொண்டே இருப்பது. நல்ல டெக்னீஷியன் இந்த நேரத்தில் சும்மா இருக்க மாட்டார். "நல்லா இழுங்க, இன்னும், இன்னும்... ஊதுங்க! விடாம, விடாம, விடாம, இன்னும் கொஞ்சம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். சத்தமில்லாத அறையில் எடுத்த ஸ்பைரோமெட்ரியை, ரிப்போர்ட் படிக்கும் நாங்கள் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்போம். முடிவில் மீண்டும் ஒரு முழு மூச்சை உள்ளே இழுக்கச் சொல்வார்கள்.

எப்போது நிறுத்தலாம்? கடைசி ஒரு வினாடியில் 25 மி.லி.க்கும் குறைவாகவே காற்று வந்தால் வரைபடத்தின் கோடு சமதளமாகிவிட்டது என்று பொருள். அல்லது 15 வினாடி ஆகியிருக்க வேண்டும். அடைப்பு நோய் உள்ளவருக்குச் சமதளம் வர 10 வினாடிக்கு மேல்கூட ஆகலாம். இளவயதினருக்கு மூன்று நான்கு வினாடியில் முடிந்துவிடும்.

ஒருமுறை ஊதினால் போதாது. ஏற்றுக்கொள்ளத்தக்க ஊதல் குறைந்தது மூன்று வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டும் ஒன்றுக்கொன்று 150 மி.லி.க்குள் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு எட்டு முயற்சி வரை பார்க்கலாம். அதற்கு மேல் களைப்புதான் மிஞ்சும். அமெரிக்க மார்பு நோய்ச் சங்கமும் ஐரோப்பிய சுவாசச் சங்கமும் சேர்ந்து 2019-ல் புதுப்பித்த தர விதி இது. தலை சுற்றினால் நிறுத்தி ஓய்வெடுத்துவிட்டுத் தொடரலாம்.

எங்கே கெடுகிறது

பாதியில் நிறுத்துவது மிகச் சாதாரணமான பிழை. விளைவு பெரிது. ஒரு கணக்குப் பார்ப்போம். 58 வயதுப் பெண், புகைத்ததே இல்லை, முப்பது ஆண்டு விறகடுப்பில் சமைத்தவர். ஒழுங்காக ஊதினால் எஃப்.இ.வி.1 1.10 லிட்டர், எஃப்.வி.சி. 2.00 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 0.55, தெளிவான அடைப்பு. அவரே இரண்டு வினாடியில் மூச்சை விட்டுவிட்டால் எஃப்.வி.சி. 1.50 என்றுதான் பதிவாகும். முதல் வினாடி அளவு மாறாது. விகிதம் இப்போது 0.73. அடைப்பு காகிதத்திலிருந்து காணாமல் போய்விட்டது, அதன் இடத்தில் சுருக்க நோய் இருக்கலாம் என்று கருவி அச்சடித்துத் தரும். அதே பெண், அதே நுரையீரல், வேறு நோய்!

முழுசாக இழுக்காமல் ஊதுவது அடுத்தது. இரண்டு எண்ணுமே இறங்கும், விகிதம் பெரும்பாலும் சரியாக இருக்கும், சுருக்க நோய்போலத் தோன்றும். தயங்கித் தொடங்கினால் முதல் வினாடி எங்கே தொடங்கியது என்பதே கருவிக்குக் குழம்பும்; எஃப்.இ.வி.1-ஐ நம்ப முடியாது. முதல் வினாடிக்குள் இருமினாலும் அப்படியே. உதட்டோரம் காற்றுக் கசிந்தால் அளவு குறையும். தொண்டையை மூடிக்கொண்டால் கோடு சட்டென்று செங்குத்தாக விழும். ஊதும் நடுவில் மூக்கு வழியாக ஒரு வாய் காற்றை இழுத்துவிட்டு மறுபடி ஊதினால் எஃப்.வி.சி. பொய்யாகக் கூடும், கிளிப் மாட்டுவது இதற்காகத்தான்.

பிழை எப்போதும் நோயாளியுடையது என்று நினைக்க வேண்டாம். கருவியை ஒவ்வொரு நாளும் 3 லிட்டர் சிரிஞ்சால் மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக என மூன்று வேகத்தில் சரிபார்க்க வேண்டும். வாசிப்பு 3 சதவீத வித்தியாசத்துக்குள் வர வேண்டும். உடலிலிருந்து 37 டிகிரியில் வரும் காற்று வெளியே வந்ததும் குளிர்ந்து சுருங்குகிறது. கருவி அதைத் திருத்திக் கணக்கிடும். ஏ.சி. அறையில் வைத்துக்கொண்டு வெப்பநிலையை 35 என்று பதிவு செய்திருந்தால் எல்லோருடைய அளவும் சேர்ந்து தவறும்.

இன்ஹேலர் கொடுத்து மறுபடி

முதல் சுற்று முடிந்ததும் சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம் பஃப் நான்கு, ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குடுவை) வழியாக, ஒவ்வொன்றாக, சுமார் அரை நிமிட இடைவெளியில் கொடுப்பார்கள். கை நடுக்கமும் படபடப்பும் கொஞ்ச நேரம் வரலாம், தானே அடங்கும். 10 முதல் 15 நிமிடம் கழித்து அதே மூன்று ஊதல்கள். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டுவிட்டால் மருந்து முழுதாக வேலை செய்திருக்காது. கூட்டம் நிறைந்த காலை வேளைகளில் இந்த இடைவெளிதான் முதலில் சுருங்குகிறது. ஒரு கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்குப் பிறகு எஃப்.இ.வி.1 அல்லது எஃப்.வி.சி. 12 சதவீதமும் 200 மி.லி.யும் கூடினால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் என்பது பழைய அளவுகோல். 2021-ல் வந்த புதிய விதி, எதிர்பார்ப்பு அளவில் 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் என்கிறது. இரண்டுமே இப்போது புழக்கத்தில் இருப்பதால், ஒரே ரிப்போர்ட்டை இரண்டு மருத்துவர்கள் வேறு விதமாகப் படிக்க நேரலாம்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

முதலில் படத்தைப் பாருங்கள், எண் பிறகு. காற்றின் வேகத்தையும் அளவையும் காட்டும் வளைவு, ஆரோக்கியமானவருக்குச் செங்குத்தாக ஏறி, கூரான உச்சி தொட்டு, ஏறக்குறைய நேர்கோடாகச் சரியும். அடைப்பில் உச்சிக்குப் பிறகு உள்நோக்கிக் குழிந்து, நீண்ட வாலோடு முடியும். சுருக்கத்தில் வடிவம் ஒழுங்காக இருந்தும் குறுகலாக இருக்கும். உச்சியே இல்லாமல் மேலே தட்டையாக வெட்டியதுபோல இருந்தால், அது ஒவ்வொரு ஊதலிலும் அப்படியே திரும்ப வந்தால், தொண்டைக்குக் கீழே பெரிய மூச்சுக்குழாயில் அடைப்பைத் தேட வேண்டும். பெரிய தைராய்டு கழலை, வென்டிலேட்டரில் பல நாள் இருந்தபின் குழாயில் விழுந்த தழும்பு இரண்டும் அங்கே காரணமாகலாம். "ஆஸ்துமா" என்று வருடக்கணக்கில் இன்ஹேலர் எடுத்தும் கேட்காத சிலருக்கு விடை இந்த ஒரு படத்தில் இருக்கும்.

அடுத்து தரக்குறி. ஏ முதல் எஃப் வரை கருவி போடும். ஏ, பி, சி என்றால் எண்களை நம்பிப் பேசலாம். அதற்குக் கீழே போகப் போக, சதவீதங்களைப் பார்த்துப் பயப்படுவதைவிட இன்னொருமுறை ஊதுவது மேல்.

பிறகு விகிதம். மருந்துக்குப் பிறகு எடுத்த விகிதம் 0.70-க்குக் கீழே இருந்து, அறிகுறிகளும் புகை அல்லது தூசியின் வரலாறும் சேர்ந்திருந்தால் சி.ஓ.பி.டி. நம் உதாரணப் பெண்ணுக்கு மருந்துக்குப் பிறகு எஃப்.இ.வி.1 1.22, எஃப்.வி.சி. 2.10, விகிதம் 0.58. கூடியது 120 மி.லி., 11 சதவீதம், 200 மி.லி. எட்டவில்லை. அவருக்கு எதிர்பார்ப்பு அளவு 1.80 லிட்டர் என்றால் புதிய கணக்கிலும் 7 சதவீதம்தான். அடைப்பு நிலையாக இருக்கிறது. 1.22 என்பது எதிர்பார்ப்பில் 68 சதவீதம். 50-க்கும் 79-க்கும் நடுவில் இருப்பதால் இரண்டாம் நிலை. 80-க்கு மேல் முதல் நிலை, 30 முதல் 49 வரை மூன்றாவது, 30-க்குக் கீழ் நான்காவது.

0.70 என்ற ஒரே கோடு எல்லா வயதுக்கும் நியாயமானதல்ல. வயது ஏற ஏற விகிதம் இயல்பாகவே இறங்கும். ஆகவே எழுபத்தைந்து வயதுக்காரருக்கு இல்லாத நோயை அது காட்டலாம். முப்பது வயதுக்காரருக்கு இருக்கும் நோயை மறைக்கலாம். இதற்காகத்தான் ரிப்போர்ட்டில் எல்.எல்.என். (இயல்பின் கீழ் எல்லை) என்ற நெடுவரிசையும், சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று காட்டும் இசட் ஸ்கோரும் தருகிறார்கள். ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் எந்த அளவுக்கு மேலே இருப்பார்களோ அதுவே கீழ் எல்லை. இசட் ஸ்கோரில் மைனஸ் 1.645.

எதிர்பார்ப்பு அளவை எந்தச் சமன்பாட்டில் கணக்கிட்டார்கள் என்பதும் ரிப்போர்ட்டின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். ஐரோப்பியர்களை அளந்து செய்த பழைய சமன்பாட்டை அப்படியே போட்டால் ஆரோக்கியமான இந்தியர்கள் பலர் குறைவாகத் தெரிவார்கள். சென்னையின் ஆரோக்கியமான இளம் வயதினரிடம் எடுத்த அளவுகள் 1990-லேயே வெளியாகியுள்ளன. உலக அளவில் இனம் பிரிக்காத சமன்பாடு 2022-ல் வந்தது. போன வருடம் ஒரு சமன்பாடு, இந்த வருடம் வேறொன்று என்றால் லிட்டர் கணக்கு மாறாமலே சதவீதம் ஐந்து பத்து நகரும். இரண்டு ரிப்போர்ட்டை ஒப்பிடும்போது லிட்டரை லிட்டரோடு ஒப்பிடுங்கள்.

ஊதலுக்கு அப்பால்

எஃப்.வி.சி. குறைந்தாலே சுருக்க நோய் என்று முடிவு கட்டக் கூடாது. முற்றிய அடைப்பு நோயில் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்வதாலும் அது குறையும். ஊதி முடித்த பிறகும் உள்ளே தங்கும் காற்றை ஸ்பைரோமீட்டரால் அளக்கவே முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்துச் செய்யும் பிளெத்திஸ்மோகிராஃபியோ, ஹீலியம் முறையோ வேண்டும். மொத்தக் கொள்ளளவு குறைந்திருந்தால்தான் சுருக்கம் உறுதி.

காற்று உள்ளே போனால் மட்டும் போதுமா, ரத்தத்துக்குள் சேர வேண்டாமா? அதை அளப்பது டி.எல்.சி.ஓ. 0.3 சதவீதம் கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை ஒரே மூச்சில் இழுத்து, 10 வினாடி பிடித்துவைத்து, பிறகு விட வேண்டும். இந்த அளவில் எந்தக் கெடுதலும் இல்லை. எம்ஃபைசிமா (காற்றுப்பைகள் சிதைவது), நுரையீரல் தழும்பு, நுரையீரல் ரத்த அழுத்தம் ஆகியவற்றில் இது இறங்கும்; ஆஸ்துமாவில் பொதுவாக இறங்காது. ரத்தசோகை இருந்தாலும் இறங்கும் என்பதால் ஹீமோகுளோபின் அளவைச் சேர்த்துத் திருத்தியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் 8 உள்ளவருக்குத் திருத்தாத டி.எல்.சி.ஓ.வைக் காட்டி நுரையீரல் கெட்டுவிட்டது என்று சொல்வது பெரிய அநியாயம்.

முடக்குவாதம், ஸ்கிலிரோடெர்மா (தோல் இறுகும் நோய்) போன்ற நோய் உள்ளவர்கள் நுரையீரல் மருத்துவரைப் பார்க்கும் எண்ணமே இல்லாமல் இருப்பார்கள். அவர்களில் சிலருக்கு மூச்சு வாங்கத் தொடங்கும் முன்பே டி.எல்.சி.ஓ. இறங்கியிருக்கும். ஸ்கிலிரோடெர்மா என்று உறுதியானதுமே ஒரு தொடக்க அளவு எடுத்து வைப்பது அவசியம். ஏ.எல்.எஸ். (தசையை இயக்கும் நரம்புகள் சிதையும் நோய்), தசைச் சிதைவு நோய் உள்ளவர்களுக்கு எஃப்.வி.சி.யை உட்கார்ந்தும் படுத்தும் எடுப்பார்கள். படுத்தால் வெகுவாக இறங்கினால் உதரவிதானம் பலவீனம். இரவில் மாஸ்க் வழியாகச் சுவாச உதவி தர வேண்டிய நேரத்தை இதை வைத்துத்தான் கணிக்கிறார்கள்.

ஆஸ்துமா: ஒரு நாள் அளவு போதாது

ஆஸ்துமாவின் குணமே ஏறி இறங்குவது. நன்றாக இருக்கும் நாளில் ஊதினால் எல்லாம் நார்மல் என்று வரும். அதை வைத்து ஆஸ்துமா இல்லை என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் வைத்து ஊதும் பீக் ஃபுளோ மீட்டர் இங்கே கைகொடுக்கும். காலையில் மருந்துக்கு முன்னும், மாலையிலும், ஒவ்வொரு வேளையும் மூன்று முறை நின்றபடி ஊதி, மூன்றில் பெரியதை மட்டும் எழுத வேண்டும். சராசரி எடுக்கக் கூடாது. இதற்குக் கடைசி வரை ஊத வேண்டாம், ஒரே வெடிப்பு போதும். இரண்டு வாரம் எழுதி, பெரியவர்களுக்கு அன்றாட ஏற்ற இறக்கத்தின் சராசரி 10 சதவீதத்துக்கு மேல் போனால் ஆஸ்துமாவுக்குச் சாதகமான சான்று. பிறகு உங்களுடைய சிறந்த அளவை 100 என்று வைத்து, 80-க்கு மேல் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், 50-க்குக் கீழ் சிவப்பு. சிவப்பில் வந்தால் நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனை.

இதே முறை வேலையிடத்து நோயையும் காட்டிக்கொடுக்கும். கோவை, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைகளில் பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ், விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கமாகத் தொடங்கும். அன்று ஷிஃப்டுக்கு முன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை எஃப்.இ.வி.1 எடுத்தால் இறக்கம் தெரியும். மருத்துவமனையில் ஓய்வாக இருக்கும் நாளில் எடுத்தால் தெரியாமலே போகலாம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை, எப்படி ஒப்பிடுவது

ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை தொடங்கும்போதும், 3 முதல் 6 மாதம் கழித்தும், அதன்பின் ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும். சி.ஓ.பி.டி.க்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது. நுரையீரல் தழும்பு நோய்க்கு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, அங்கே எஃப்.வி.சி. ஓராண்டுக்குள் எதிர்பார்ப்பு அளவில் 5 புள்ளி இறங்கினாலே மருந்தை மறுபரிசீலனை செய்யும் அளவுக்கு அது முக்கியம். காசநோய் சிகிச்சை முடிந்தவர்களுக்கு, மூச்சிரைப்பு இருந்தால், ஒருமுறையாவது எடுத்துவிட வேண்டும். கிருமி போய்விட்டது என்பதால் நுரையீரல் பழையபடி ஆகிவிடுவதில்லை. அடைப்பு, சுருக்கம், இரண்டும் கலந்தது என எதுவும் மிஞ்சலாம், ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. மூச்சிரைப்பு திரும்பியதும் மறுபடி காசநோய் மாத்திரையைத் தொடங்கிவிடுவதற்கு முன் சளியையும் பார்த்து, இதையும் செய்வது நல்லது.

சளி, காய்ச்சல், திடீர் இளைப்பு வந்து தேறிய உடனே எடுத்த அளவு உங்கள் வழக்கமான அளவு ஆகாது. நான்கு முதல் ஆறு வாரம் விட்டு எடுங்கள்.

ஆரோக்கியமான பெரியவருக்கே எஃப்.இ.வி.1 ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 30 மி.லி. குறைந்துகொண்டே வரும். புகைப்பவர்களில் பலருக்கு இந்த வேகம் இரட்டிப்பாகலாம். நிறுத்தினால் போனது பெரிதாகத் திரும்பாது, ஆனால் சரிவின் வேகம் தணியும். எந்த வயதில் நிறுத்தினாலும் இது பொருந்தும். ஒரே நாளில் ஊதிய இரண்டு ஊதல்களுக்கே 150 மி.லி. வித்தியாசத்தை விதி அனுமதிக்கிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். போன வருடம் 1.30, இந்த வருடம் 1.22 என்று இருந்தால் அது சரிவா, அன்றைய ஊதலா என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று நான்கு ஆண்டு அளவுகள் வரிசையாக இருந்தால் சொல்லலாம்.

எனவே பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வெப்பத்தில் அச்சடிக்கும் தாள் இரண்டு மூன்று ஆண்டில் வெளுத்துவிடக்கூடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்தோ, போனில் படம் பிடித்தோ வையுங்கள். முடிந்தவரை அதே இடத்தில், அதே கருவியில், நாளின் அதே நேரத்தில் எடுங்கள். எந்த மருந்தை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று தாளின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். எண்கள் மட்டும் அச்சடித்த ஒற்றைத் தாளைக் கொடுத்தால், வளைவுப் படமும் தரக்குறியும் உள்ள பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.